சூப்பர்வைசரோடு வந்தவள்

குட்டியானையில் குதிரை வந்து இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மினி லாரிக்குத்தான் குட்டியானை என்று பெயர் என விளக்கினாலும் அரைமனதோடுதான் சிரிக்கிறார்கள். காட்பாடியில் நான் அறை எடுத்திருந்த வீட்டு வாசலில், காலேஜ் திறப்பதற்கு முந்தின நாள் காலையில் அந்த வண்டி வந்து நின்றது. பின்னால் கம்பித் தடுப்புக்குள் ஒரு வெள்ளைக் குதிரை. அதன் காலடியில் தகரப் பெட்டி, பாய், பக்கெட். முன்னால் டிரைவர் மட்டும்தான் இருந்தார்.

"பொண்ணு எங்கப்பா?" என்று ஹவுஸ் ஓனர் கேட்டார். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். எதையும் எண்ணிச் சரிபார்க்காமல் விடமாட்டார்.

குதிரையின் முதுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "இங்க இருக்கேன் அங்கிள்."

ஆம்பூரிலிருந்து காட்பாடி வரைக்கும் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்திருக்கிறாள். முன்சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனால் ஹைவேயில் லாரிகள் ஹாரன் அடித்தால் குதிரைக்குப் பயமாக இருக்குமாம்.

"இன்னாம்மா இது?"

"குதிரை அங்கிள். போன்லயே சொன்னேனே. பின்னால மாட்டுக் கொட்டாய் காலியா இருக்குதான்னு கேட்டேன், இருக்குதுன்னீங்க."

"நீ வெளாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சேன்மா!"

"நான் வெளாடலியே அங்கிள்" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம்கூடச் சிரிப்பில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவளோடு ஒரே அறையில் மூன்று வருஷம் குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று.

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. காலேஜில் அவளுக்குப் பெயர் குதிரைக்காரி. எனக்குப் பெயர் குதிரைக்காரியோட ரூம்மேட். குடியாத்தத்தில் என் அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயரை மூன்று வருஷம் ஒரு ஜீவனும் கூப்பிடவில்லை. அதற்குப் பழிக்குப் பழியாக இருக்கட்டும் இது.

எங்களுடையது காட்பாடி என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருகிற பெரிய இடம் இல்லை. அதையெல்லாம் தாண்டிப் போய், வயலை மேடாக்கிக் கட்டிய புதுப் பல்கலைக்கழகம். கட்டிடத்தைவிட பெயர்ப்பலகை பெரிது. அதன் காம்பவுண்டை ஒட்டித்தான் ஓனரின் வீடு, வீட்டுக்குப் பின்னால் அந்தக் கொட்டாய்.

குதிரையின் பெயர் சூப்பர்வைசர். அது பெண்குதிரை. அவளுடைய அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் வேலை செய்தவர். பக்கத்துத் தெருவில் கல்யாணக் குதிரை வைத்திருந்த ஒரு பாய் அவருக்கு உயிர்த் தோஸ்த். இவள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அந்த பாய் மகனோடு பெங்களூர் போனபோது, குட்டியாக இருந்த இதை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பகல் முழுக்க சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்குகிற மனிதர், குட்டிக்கும் அதே பெயரை வைத்தார். "வீட்லயாவது ஒரு சூப்பர்வைசர் நான் சொல்றத கேக்கட்டும்" என்பாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "டேய் சூப்பர்வைசர், இன்னிக்கு இன்னா புரொடக்ஷன்?" என்று அதட்டுவாராம். அது பதிலுக்குச் சாணி போடுமாம். இதைச் சொல்லும்போது மட்டும்தான் அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். அப்பா 'டேய்' என்று கூப்பிட்டதை அவள் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவாள். என்னை மட்டும் 'வாடி, போடி'.

அவள் ப்ளஸ் டூ படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காலேஜில் சீட் கிடைத்த நேரத்தில் சித்தப்பா, குதிரையைச் சென்னை பீச்சில் சவாரி விடுகிறவர்களுக்கு விற்றுவிடலாம் என்று ஆள் கூட்டி வந்தார். இவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "சரி சித்தப்பா, நானும் அவங்களோட பீச்சுக்குப் போறேன்" என்று பெட்டியைக் கட்டியிருக்கிறாள். சித்தப்பா வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவளுடைய அம்மாவும் ஷூ கம்பெனியில்தான் தையல் மிஷினில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் காட்பாடிக்கு பஸ் ஏறி வந்து, லேடீஸ் ஹாஸ்டலை விட்டுவிட்டு மாட்டுக் கொட்டாய் உள்ள வீடாகத் தேடி அலைந்து, இந்த வீட்டின் போன் நம்பரை மகளிடம் கொடுத்திருக்கிறார்.

"கூட வந்தத விட்டுட்டுப் போனா, போற எடத்துல சோறு எறங்காது." இது அவளுடைய வேதவாக்கு. அப்பா சொன்னதா, அவளே உண்டாக்கியதா தெரியாது. நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவாள். குதிரைக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம். கேன்டீனில் அஞ்சு பேர் உட்கார்ந்தால் அஞ்சாவது தோசை வருகிறவரை அவள் தோசையைத் தொடமாட்டாள். பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் ஏறிய பிறகுதான் ஏறுவாள். ஏற இடம் இல்லாமல் ஒருத்தி நின்றுவிட்டால் இவளும் இறங்கிவிடுவாள். இறங்கும்போது என் கையையும் பிடித்து இழுப்பாள். நான் அவசரக்காரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உனக்கு இன்னாடி அவ்ளோ பேஜார்? அடுத்த பஸ் வராதா?" என்பாள். அடுத்த பஸ் வரும், வருவதற்குள் முதல் பீரியட் முடிந்திருக்கும்.

முதல் வருஷம் எங்களை அமிர்திக்கு டூர் கூட்டிப் போனார்கள். அருவிக்குப் போகிற பாறைவழியில் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் யாரோடும் ஒட்டாதவள், முதல் நாள்தான் குதிரை நாற்றம் என்று எங்கள் பெஞ்சை விட்டு மாறி உட்கார்ந்தவள். எல்லோரும் முன்னால் போய்விட, இவள் மட்டும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இவள் உட்கார்ந்ததால் நானும் உட்கார்ந்தேன். தலையை எண்ணாமல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் பால்வண்டி ஒன்றில் கேன்களுக்கு நடுவே மூன்று பேரும் வேலூர் வந்து சேர்ந்தோம். நான் வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன். கால் பிசகியவள் அழுதுகொண்டே வந்தாள். இவளுக்கு ஒரே கவலைதான்: "சூப்பர்வைசருக்குத் தண்ணி வச்சிருப்பாரா அங்கிள்?"

வைத்திருந்தார். குதிரையை அவருக்குப் பிடிக்காது என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் நாங்கள் போய் இறங்கியபோது கொட்டாயில் அதற்கு விசிறிக்கொண்டு நின்றார்.

எனக்கும் குதிரைக்கும் ரொம்ப நாள் ஒத்துப்போகவில்லை. கொடியில் காய்ந்த என்னுடைய புதுத் துப்பட்டாவை அது பாதிக்குமேல் மென்றுவிட்டது. நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவள் தன்னுடைய நல்ல துப்பட்டாவை எடுத்து என் தோளில் போட்டாள். "அவங்களுக்குத் தெரியாதுடி, பச்சையா இருந்துச்சுல்ல" என்று குதிரைக்கு வக்காலத்து வேறு. பச்சையாக இருந்தது உண்மைதான்.

முகூர்த்த நாட்களில் சூப்பர்வைசர் கல்யாணத்துக்குப் போகும். வேலூரிலும் காட்பாடியிலும் பாய் வீட்டு நிக்காஹ், சேட்டு வீட்டுக் கல்யாணம், இப்போது எல்லோருக்கும் அந்த ஆசை வந்துவிட்டதால் நம் வீட்டு மாப்பிள்ளை அழைப்பும்கூட. ஜரிகைத் துணி போர்த்தி, கழுத்தில் மணிப்பட்டை கட்டி, அவளே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். தன்னுடைய கொள்ளுக்கும் புல்லுக்கும் அதுவே சம்பாதித்துக்கொண்டது. பேண்ட் சத்தம் கேட்டால் போதும், சூப்பர்வைசருக்குக் கால் நிற்காது. முன்னால் இரண்டு எட்டு, பக்கவாட்டில் ஒரு எட்டு, அப்புறம் தலையை ஒரு ஆட்டு. மண்டப வாசல் வந்ததும் சிலை மாதிரி நின்றுவிடும். மாப்பிள்ளை இறங்கி, ஊறவைத்த கொண்டைக்கடலையைத் தன் கையால் ஊட்டினால்தான் அங்கிருந்து நகரும். அவள் அப்பா பழக்கிவிட்ட பழக்கம் அது. சுமந்துகொண்டு வந்தவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் மாப்பிள்ளை விருந்துக்குப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. எத்தனையோ மாப்பிள்ளைகள் பயந்து நடுங்கிக் கையை நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். கடலையை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு, "கைய விரிச்சுக் காட்டுங்கண்ணா, கடிக்கமாட்டாங்க" என்று அவள் தைரியம் சொல்லுவாள்.

இந்தப் பழக்கம்தான் மூன்றாம் வருஷம் எங்கள் தலையில் கல்லைப் போட்டது.

ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வாசலிலிருந்து ஆடிட்டோரியம் வரைக்கும் பேண்டு வாத்தியத்தோடு அழைத்துப் போக ஏற்பாடு. நாங்கள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பன்னீர் தெளிக்க நின்றோம். பேண்ட் ஆரம்பித்தது. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கொட்டாயில் இருப்பவருக்குக் காது கேட்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

முளையைப் பிடுங்கிக்கொண்டு, கயிறு தரையில் இழுபட, மெயின் கேட் வழியாகவே உள்ளே வந்தது சூப்பர்வைசர். வாட்ச்மேன் விழாவுக்கு வரவழைத்த குதிரை என்று நினைத்து வழிவிட்டிருக்கிறார். அது நேராக வந்து விருந்தினருக்கு முன்னால் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. முன்னால் இரண்டு எட்டு, பக்கவாட்டில் ஒரு எட்டு, ஒரு தலையாட்டு. பேண்டுக்காரர்கள் குஷியாகிவிட்டார்கள். விருந்தினரும் முதலில் சந்தோஷப்பட்டார், தனக்குத்தான் இவ்வளவு மரியாதை என்று. ஆடிட்டோரியம் படிக்கட்டு வந்தது. சூப்பர்வைசர் திரும்பி, வழியை மறித்துக்கொண்டு, விருந்தினரின் மாலைக்குள் மூக்கை விட்டது.

மனிதர் மூச்சுவிடவில்லை. ரெஜிஸ்ட்ரார் "ஷூ, ஷூ" என்றார். அது அசையவே இல்லை. இவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் என்று பார்த்தால், விருந்தினரிடம் போய், "சார், கடல குடுங்க சார். குடுத்தா போய்டுவாங்க" என்கிறாள்.

அத்தனை பெரிய அதிகாரியின் பாக்கெட்டில் கடலைக்கு எங்கே போவது? கேன்டீனிலிருந்து சுண்டல் வந்தது. அவர் கையால் ஊட்டினார். சூப்பர்வைசர் சாப்பிட்டு முடித்துவிட்டு, மாலையில் இருந்து ரெண்டு ரோஜாவையும் கிள்ளிக்கொண்டு ஒதுங்கி நின்றது. மொத்தக் காலேஜும் விசிலடித்தது. ரெஜிஸ்ட்ரார் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே ஓனர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். "குதிரை இருந்தா இந்த வீட்ல ஸ்டூடன்ட்ஸ் தங்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கம்மா. ஒரு வாரத்துல அனுப்பணுமாம். நான் இன்னா பண்ணட்டும் சொல்லு" என்றார்.

"சரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு, அவள் தகரப் பெட்டியை இழுத்தாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "இன்னும் ஒரே செமஸ்டர்டி! உங்கம்மா மிஷின்ல முதுகொடிஞ்சு படிக்க வைக்கிறாங்க. ஒரு குதிரைக்காகப் படிப்ப விடுவியா? ஆம்பூருக்கு அனுப்பிடு, ஆறு மாசம்தான!"

"அங்க யார் இருக்காங்க? அம்மா காலைல கம்பெனி வேன்ல போனா இருட்டினப்புறம்தான் வருது. சித்தப்பா மறுநாளே ஆள் கூட்டியாருவார்."

"அப்போ வித்துடு!"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அவங்க என்னை நம்பி வண்டி ஏறுனாங்கடி. நானும் கூட வர்றேன்னுதான் ஏறுனாங்க" என்றாள். அன்றைக்கு நான்தான் அழுதேன், அவள் இல்லை.

மறுநாள் டி.சி. கேட்டு ரெஜிஸ்ட்ரார் அறைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "உன்ன யாரும்மா போகச் சொன்னது? குதிரையத்தான சொன்னோம்?" "கூட வந்தது சார். அவங்கள அனுப்பினா நானும் போகணும்ல" என்றாள் இவள், ரொம்பச் சாதாரணமாக. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அம்மாவை வரச்சொல் என்றார்.

அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு, கம்பெனியின் நீலக் கோட்டோடே வந்தார். பக்கத்தில் நின்றால் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை அடித்தது. மகளைத் திட்டித் தீர்ப்பார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். படிப்பை விடவேண்டாம் என்று மகளிடம் சொல்லும்படி அவருடைய காலில் விழுந்தாவது கேட்பதாகவும் இருந்தேன்.

"சார், தப்புதான். மாப்பு குடுங்க" என்று ஆரம்பித்தார் அம்மா. "அது மட்டும் இல்லன்னா இவ இன்னிக்கு இப்படி இல்ல. எங்க வீட்டுக்காரர் போனப்புறம் இவ வாயத் தொறக்கல சார். சோறு எறங்கல. கொட்டாயில போய் அது கால்கிட்ட உக்காந்துக்குவா. அது இவ தலையில மூக்க வச்சிக்கினு அப்படியே நிக்கும். அதுகிட்டதான் இவ மொதல்ல பேசுனா. இவ அத பாத்துக்கறான்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்க. நான்தான் சார் அத இவளுக்குத் தொணையா அனுப்பி வச்சேன். அது இங்க இருக்குதுன்னுதான் நான் கண்ண மூடித் தூங்கறேன்."

இவள் தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. கொட்டாய் உள்ள வீட்டைத் தேடி அந்த அம்மா ஏன் தெருத் தெருவாக அலைந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மகளுக்கும் அப்போதுதான் விளங்கியதோ என்னவோ.

ரெஜிஸ்ட்ரார் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கடைசியில், "பேண்ட் வாசிக்கிற அன்னிக்கு அது இங்க இருக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றார்.

அதற்குப் பிறகு காலேஜில் எந்த விழா என்றாலும் முதல் நாளே பியூன் அண்ணன் சைக்கிளில் வந்து எங்கள் ஜன்னலுக்கு வெளியே சத்தம் போடுவார்: "நாளைக்கு பேண்ட் இருக்குது! சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடும்மா!" நாங்கள் சூப்பர்வைசரைப் பாலாற்றுக்குக் கூட்டிப்போவோம். ஆற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது, மணல்தான். அது மல்லாக்கப் படுத்துக் காலை உதைத்துப் புரளும். சில நாள் அவளுக்கு டெஸ்ட் இருந்தால் நானே தனியாகக் கூட்டிப்போனேன். துப்பட்டாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கடிவாளத்தைப் பிடித்தபடி, என் வீட்டுக் கதையெல்லாம் அதனிடம் சொன்னேன். நல்ல காது அதற்கு. அவள் ஏன் அதை விடமாட்டாள் என்று யாராவது கேட்டால் பதிலுக்கு நானே சண்டைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு நாள் அந்த மணலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "உன் மாப்பிள்ளைய சூப்பர்வைசர்தான் மண்டபத்துக்குக் கொண்டாருவாங்க. நீ கார் கீர்னு சொன்னேன்னா அவ்ளோதான்."

"எங்க வீட்டுல குதிரை வழக்கம் இல்லடி."

"இனிமே ஆக்கிக்கோங்க" என்றாள்.

படிப்பு முடிந்து நான் பெங்களூருக்கு வேலைக்குப் போனேன். அவளுக்கு ஆம்பூரிலேயே ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை. திரும்பிப் போகும்போதும் குட்டியானையின் பின்னால் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் போனாள். ஹவுஸ் ஓனர் ரயிலை அனுப்புகிற மாதிரி கையை உயர்த்திக் காட்டிவிட்டு, சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டார்.

என் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கிற சமயம் போன் செய்தாள். "சூப்பர்வைசர் போய்ட்டாங்கடி" என்றாள். வயசாகிவிட்டது, நாலு நாளாக எழுந்திருக்கவில்லை, கடைசிவரைக்கும் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். நான் பெங்களூரில் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதேன். "கல்யாணத்துக்கு வருவியா?" என்று கேட்டேன். "வர்றோம்" என்றாள்.

குடியாத்தத்தில் மாப்பிள்ளை அழைப்பு. நான் அலங்காரம் செய்துகொண்டு மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். பேண்ட் சத்தம் நெருங்கி வந்தது. ஜோடித்த கார் மண்டப வாசலுக்கு வந்து நின்றுவிட்டது, நகரவில்லை. கீழே ஒரே சலசலப்பு. எங்கள் பெரியப்பாவின் குரல் கேட்டது: "யாரும்மா நீ? வழிய விடும்மா, நேரமாவுது!"

ஜன்னலுக்கு ஓடினேன். காருக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தோளில் குறுக்காகச் சூப்பர்வைசரின் மணிப்பட்டை. இடுப்பில் சூப்பர்வைசரின் வாயில் கொள்ளு போட்டுக் கட்டிவிடுகிற பழைய சாக்குப்பை. கோயிலிலிருந்து அப்படியேதான் காருக்கு முன்னால் நடந்து வந்திருக்கிறாள், முன்னால் இரண்டு எட்டு, பக்கவாட்டில் ஒரு எட்டு. யாரோ டான்ஸ் ஆடுகிற பெண் என்று நினைத்து எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். இப்போது வாசலில் சிலை மாதிரி நின்று, காரைப் பார்த்து உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தாள்.

மாப்பிள்ளை பாவம், காரிலிருந்து இறங்கி, ஒன்றும் புரியாமல் பர்ஸை எடுத்தார். எனக்குத் தலையில் பூ இருந்தது, கழுத்து நிறைய நகை இருந்தது, மண்டபம் முழுக்கச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். எதுவும் ஞாபகம் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்.

"கடல குடுங்க! கடல குடுங்க! குடுத்தாதான் நகருவாங்க!"

சமையல்கட்டிலிருந்து யாரோ சுண்டலுக்கு ஊறவைத்த கடலையைக் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு கை அள்ளி, பயந்து பயந்து நீட்டினார். "கைய விரிச்சுக் காட்டுங்கண்ணா, கடிக்கமாட்டாங்க" என்றாள். பேண்டுக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் கடலையை வாங்கி, ஒன்றுகூடக் கீழே சிந்தாமல் சாக்குப்பைக்குள் போட்டு, அதன் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தாள். பிறகுதான் ஒதுங்கி வழிவிட்டாள்.